எங்கள் நிறத்திலேயே பூசுவோம்
(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் ஒன்றுகூடலில், 1993ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தர அணியினர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எங்களுக்கு முன்பு பேசிய அணியினர் கல்லூரி நூலகத்தின் வளர்ச்சி பற்றிப் பேசினார்கள். அவர்களுக்கு முன்பு பேசியவர்கள் விளையாட்டுத்துறைச் சாதனைகளைச் சொன்னார்கள். நாங்கள் கண்ணிமையில் பூசும் சாயத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். நிகழ்ச்சி நிரலில் "கிறீம் ஐ-ஷடோவும் பிறைமரும்: தெரிவும் பயன்பாடும்" என்று அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வரிசையில் சில ரீச்சர்மார் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் கண்ணுக்கு மை கொஞ்சம் தடிப்பாக வைத்து வந்தாலே குழாயடிக்கு அனுப்பி முகம் கழுவ வைத்தவர்கள் நீங்கள். இன்று உங்கள் முன்னாலேயே இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. அது ஒரு படத்தில் தொடங்குகிறது.

நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் வேண்டும் என்று சங்கம் கேட்டபோது, எங்கள் அணியின் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டாள். 1993இல் நாங்கள் மேடையேற்றிய நாடகத்தின் படம். தமயந்தியாக நடித்தவள் நடுவில் நிற்கிறாள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளை. கழுத்தும் கைகளும் அவளுடைய சொந்த நிறம். ஒருத்தியின் தலையை எடுத்து இன்னொருத்தியின் உடலில் வைத்தது போல இருந்தது. குழுவில் சிரிப்புக் குறிகள் நிரம்பின. நாங்களும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் தமயந்தியாக நடித்தவளே ஒரு வரி எழுதினாள்.

"அந்தப் படத்தை மலரில போடாதேங்கோ."

அன்றிரவு அவளுக்கு அழைப்பு எடுத்தோம். அப்போதுதான் சொன்னாள். "நடிப்புக்காக ரீச்சர் என்னைத் தெரிஞ்சா. ஆனா நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை வெள்ளையாக்கினால்தான் நான் இராசகுமாரி எண்டு முடிவு பண்ணினீங்கள். அண்டைக்குப் பிறகு நான் முகத்துக்கு ஒண்டும் பூசினதில்லை."

அந்த நாடகத்துக்கு ஒப்பனை செய்தது நாங்கள்தான். யாரும் எங்களை அப்படிப் பூசச் சொல்லவில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், மேடையில் பெற்றோமாக்ஸ். "வெளிச்சம் காணாது, முகம் தெரிய வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு பூசினோம். அது பாதிக் காரணம். நளனாக நடித்தவள் எங்களில் வெளிறிய நிறம். அவளுக்கு அவ்வளவு பூசவில்லையே! அதே பெற்றோமாக்ஸ்தானே அவளுக்கும் எரிந்தது? மிச்சப் பாதிக் காரணம் எங்கள் வீடுகளில் நாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சு. "பிள்ளை கறுப்பெண்டாலும் களையான முகம்" என்ற பேச்சில் வருகிற அந்த "எண்டாலும்."

மன்னிப்புக் கேட்டோம். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "நூற்றாண்டு விழாவுக்கு வாறன். ஆனா இந்த முறை என்ர நிறத்திலேயே எனக்குப் பூச வேணும். நீங்கள்தான் பூச வேணும்."

எங்கள் ஏழு பேரில் ஒருத்திக்கும் சரியாகப் பூசத் தெரியாது. எட்டு மாதம் பழகினோம். இருவர் யாழ்ப்பாணம், ஒருத்தி வெள்ளவத்தை, இருவர் ரொறன்ரோ, ஒருத்தி லண்டன், ஒருத்தி மெல்பேண். ஞாயிறுதோறும் தொலைபேசித் திரையில் கூடி, அதே பொருளை வெவ்வேறு வெயிலிலும் குளிரிலும் பூசிப் பார்த்தோம். கெட்டுப்போனவையும் சரிவந்தவையும் சேர்ந்த பாடம் இது. அவளிடம் அனுமதி கேட்டே கதையைச் சொல்கிறோம். பெயர் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லமாட்டோம்.

முதலில் நாங்கள் அன்று எதைப் பூசினோம் என்பதைப் பார்ப்போம். முத்துவெள்ளை. எங்கள் இரசாயனவியல் புத்தகத்தில் நாக ஒட்சைட்டு என்று படித்த அதே வெள்ளைத் தூள்தான். தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பினோம். கூத்து ஒப்பனைக்கு அரிதாரம் பூசுதல் என்று சொல்கிறோமே, அந்த அரிதாரம் உண்மையில் ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனியம், நஞ்சு. சொல் மட்டும் எல்லா ஒப்பனைக்கும் பெயராக நின்றுவிட்டது. மேற்கு நாடுகளில் 1873இல் பேர்லினில் தொழில் தொடங்கிய லைக்னர் என்ற பாடகர் கொழுப்பில் குழைத்த சாயக் குச்சிகளை விற்றார். 1914இல் மக்ஸ் பக்டர் சினிமாவுக்கென்று மெல்லிய கிறீம் ஒப்பனை செய்தார். மேடைக் குச்சி வெடித்துக் காய்ந்து, அண்மையில் வைத்துப் படமெடுக்கையில் அசிங்கமாகத் தெரிந்ததுதான் காரணம். இன்று கடையில் வாங்கும் கிறீம் ஐ-ஷடோ இந்தப் பரம்பரையில் வந்தது: கொழுப்பு, மெழுகு, சாயம்.

ஆனால் இன்றைய கிறீமில் ஒரு புதுமை உண்டு. லேபலைப் படித்தால் மெழுகு, எண்ணெய், சாயம் ஆகியவற்றோடு ஐசோடோடெக்கேன், சைக்ளோபென்ரசிலொக்சேன் போன்ற நீண்ட பெயர்கள் இருக்கும். இவை ஆவியாகிப் பறந்துவிடும் திரவங்கள். இமையில் தடவும்போது வழுக்கிப் பரவ உதவும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் ஆவியாகி, சாயத்தையும் மெல்லிய படலத்தையும் விட்டுச் செல்லும். அந்தப் படலம் இறுகியபின் கையால் தொட்டாலும் எளிதில் வராது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எப்படி என்று சொல்கிறோம். எங்களில் ஒருத்தி இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தடவிவிட்டு, பிறகு ஆறுதலாக விளிம்பைக் கலைக்கப் போனாள். அதற்குள் இறுகிவிட்டது. தேய்க்கத் தேய்க்கத் திட்டுத் திட்டாக எழும்பியது. ஆகவே ஒரு கண்ணை முடித்தபின்தான் மறு கண். இன்னொருத்தி பூசியவுடன் மேலே நிமிர்ந்து பார்த்தாள். இமை மடிந்த இடத்தில் ஈரமாக இருந்த சாயம் ஒரு கோடாக ஒட்டிக்கொண்டது. ஆகவே பூசியபின் ஒரு நிமிடம் கண்ணைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும், கோயிலில் கண்ணை மூடி நிற்பது போல. மூன்றாமவள் டப்பியின் மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டாள். ஒரு மாதத்தில் சேற்று நிலம் வெடித்தது போலக் காய்ந்துவிட்டது. பறக்கிற திரவம் பறந்துவிட்டது, அவ்வளவுதான். காய்ந்ததில் தண்ணீர் விடாதீர்கள். எச்சில் தொட்டுக் குழைக்கவே வேண்டாம். எச்சிலோடு வாயில் உள்ள கிருமியும் கண்ணுக்குப் போகும்.

இனிப் பிறைமர். எங்கள் அம்மாமார் பவுடர் போடுமுன் முகத்தைக் கழுவி, கொஞ்சம் கிறீம் தடவி, அது ஊறும்வரை பார்த்திருப்பார்கள். பிறைமர் என்பது அந்தக் காத்திருப்புக்குக் கடைக்காரர் வைத்த பெயர் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். முழுக்கச் சரியில்லை; முழுக்கப் பிழையுமில்லை.

முகத்துக்கான பிறைமர்கள் மூன்று விதமானவை. முதலாவது, டைமெதிக்கோன் என்ற சிலிக்கோன் முன்னிற்பவை. தொட்டால் வெல்வெட் போல இருக்கும். தோலின் குழிகளையும் கோடுகளையும் நிரப்பி மட்டமாக்கிக் காட்டும். இரண்டாவது, எண்ணெயை உறிஞ்சுபவை. சிலிக்கா அல்லது களிமண் சேர்ந்திருக்கும். மூன்றாவது, கிளிசரின் போன்றவை சேர்ந்து ஈரப்பதம் தருபவை. எது உயர்ந்தது என்ற கேள்விக்கு விடையில்லை. எங்கே, யாருக்கு என்றுதான் கேட்க வேண்டும். எண்ணெய் உறிஞ்சும் வகை ஒன்றைச் சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் பூசியவள் மெச்சினாள். அதையே சூடாக்கி ஓடும் ரொறன்ரோ வீட்டில் மாசியில் பூசியவளுக்குத் தோல் செதில் செதிலாக எழும்பி, ஐந்து வயது கூடத் தெரிந்தாள். அவள் ஈரப்பத வகைக்கு மாறினாள். ஐம்பதை எட்டும் எங்கள் வயதில் பெரும்பாலோருக்குத் தோல் வரண்டுதான் போகிறது. இருபது வயதில் வாங்கிய வகையையே இன்றும் வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிறைமர் பூசுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று: "பூசப் பூச அழிறப்பர் துகள் மாதிரி உருண்டு வருது." காரணம் பெரும்பாலும் அவசரம். கீழே பூசிய வெயில் தடுப்புக் கிறீம் ஊறுமுன் மேலே பிறைமரைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து உருளும். தண்ணீரில் குழைத்த ஒன்றின் மேல் சிலிக்கோன் மிகுந்த ஒன்றைத் தடிப்பாகப் பூசினாலும் அப்படித்தான். ஒவ்வொரு பூச்சுக்குமிடையில் சில நிமிடம் விடுங்கள். குறைவாக எடுங்கள். தேய்க்காமல் ஒற்றுங்கள். வெயில் தடுப்பை மட்டும் குறைக்காதீர்கள். பிறைமரை வேண்டுமானால் விட்டுவிடலாம். முகப் பிறைமர் இல்லாமல் யாரும் கெட்டுப்போகவில்லை.

கண்ணிமைப் பிறைமர் வேறு கதை. எங்கள் காலநிலையில் இது உண்மையிலேயே வேலை செய்கிறது. இமையின் தோல் உடலிலேயே மிக மெல்லியது. நாள் முழுதும் ஆயிரக்கணக்கான தடவை மடிந்து விரிகிறது. எண்ணெயும் கசிகிறது. கிறீமில் உள்ள மெழுகையும் எண்ணெயையும் அந்த எண்ணெய் இளக்கும். மடிப்பு அதைக் கோடாகத் தள்ளிச் சேர்க்கும். "தண்ணீருக்கு அழியாது" என்று எழுதிய சாயமும் மடிப்பில் சேர்வது இதனால்தான். வியர்வை தண்ணீர், அதை அது தாங்கும். எண்ணெயைத் தாங்காது. கண்ணிமைப் பிறைமர் எண்ணெய்க்கும் சாயத்துக்கும் நடுவில் ஒரு தடுப்புப் போடுகிறது. அளவு முக்கியம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஓர் அரிசி மணி அளவு போதும். கூடப் பூசினால் பிறைமரே மடிப்பில் சேரும். தடவி ஒரு நிமிடம் விட்டபின் சாயம். முகத்துக்கான வழுவழுப்பான பிறைமரைக் கண்ணுக்கும் பூசி மிச்சம் பிடிக்கலாம் என்று லண்டனில் இருப்பவள் முயன்றாள். சாயம் வழுக்கிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

இனி நிறம். இதற்காகத்தான் இவ்வளவும் பேசினோம்.

வெள்ளைச் சாயங்கள், அதாவது நாக ஒட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும், எங்கள் மண்ணிறத் தோலில் மெல்லிய படலமாக நிற்கும்போது வெள்ளையாகத் தெரியாது, சாம்பலாகத் தெரியும். அந்தப் படத்தில் எங்கள் தோழியின் முகம் உயிரில்லாமல் தெரிந்ததற்கு இதுதான் விஞ்ஞானம். இன்றும் பல வெளிறிய ஐ-ஷடோக்களிலும், "எல்லா நிறத்துக்கும் பொருந்தும்" என்று விற்கும் வெளிறிய பிறைமர்களிலும் இந்த வெள்ளை அடியில் இருக்கும். உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் பிழை தோலில் இல்லை, டப்பியில்.

எங்கள் தோலில் நன்றாகத் தெரிபவை இரும்பு ஒட்சைட்டுகள் தரும் நிறங்கள்: செம்பு, வெண்கலம், செங்கல், காய்ந்த பனையோலை, கோப்பி. காவி மண்ணுக்கும் செம்மண்ணுக்கும் நிறம் கொடுப்பவையும் இவைதான். இவற்றோடு கடும் ஊதா, நாவற்பழ நிறம், கடும் பச்சை, மயில் நீலம். மினுக்கம் வேண்டுமானால் வெள்ளி மினுக்கத்தைவிடப் பொன் அல்லது செம்பு மினுக்கம் எடுங்கள். வெளிர் ரோசாவும் வெளிர் நீலமும் பிடித்தால் பூசக்கூடாது என்று சொல்லமாட்டோம். அடியில் உங்கள் தோல் நிறப் பிறைமரும் மேலே அடர்த்தியான சாயமும் இருந்தால் அவையும் எடுபடும். "கறுப்புக்கு இந்த நிறம் பொருந்தாது" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, எங்கள் தோழி மயில் நீலம் பூசி வந்து நின்றது ஒரு பாடம்.

இமை கறுத்திருக்கிறது என்று சிலர் வெள்ளைப் பிறைமர் தடவுகிறார்கள். கறுப்பின் மேல் வெள்ளை பூசினால் சாம்பல்தான் வரும். மறைக்கத்தான் வேண்டுமென்றால் தோல் நிறத்தோடு கொஞ்சம் செம்மஞ்சள் கலந்ததை மெல்லியதாக வையுங்கள். நீலம் பாரித்த கருமையைச் செம்மஞ்சள் தணிக்கும். ஆனால் இமை முகத்தைவிடக் கொஞ்சம் கடுமையாக இருப்பது எங்கள் மக்களில் மிகப் பலருக்கு இயற்கை. அதையே நிழலாக விட்டு நடுவில் மட்டும் ஒரு பொட்டுச் செம்பு மினுக்கம் வைத்தால் போதும். பாதி வேலையை இயற்கையே செய்து தந்திருக்கிறது.

கடையில் பார்க்கும் முறை: பரிசோதனைக்கு வைத்திருப்பதைக் கண்ணில் பூசாதீர்கள். எத்தனை விரல் பட்டதோ தெரியாது. புறங்கையில் ஒரு புள்ளி வைத்து, மெல்லியதாக இழுத்துப் பாருங்கள். தடிப்பாக வைத்தால் எல்லா நிறமும் அழகு. மெல்லியதாக இழுத்தால்தான் உண்மை தெரியும். பத்து நிமிடம் விட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு விரலால் தேயுங்கள். நின்றால் வாங்குங்கள். டப்பி, குச்சி, திரவம் என்று மூன்று வடிவம் உண்டு. கை கொஞ்சம் நடுங்குகிறவர்களுக்கும் பயணத்துக்கும் குச்சி நல்லது. டப்பி மலிவாக நீண்ட நாள் வரும், ஆனால் விரல் போகும் இடம் என்பதால் சுத்தம் வேண்டும். திரவம் விரைவாக இறுகும், பழகியபின் வாங்கலாம். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் மினுக்கம் குறைந்த வெண்கல மண்ணிறக் குச்சி ஒன்று போதும். அலுவலகத்துக்கும் அதுதான், கலியாணத்துக்கும் அதுதான்.

பூசும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மோதிர விரல் மற்ற விரல்களைவிட மெதுவாக அழுத்தும், அதையே பாவியுங்கள். இழுக்காமல் ஒற்றுங்கள். இமை தளர்ந்து மடிப்பை மூடுகிறவர்கள் கண்ணைத் திறந்து, நேரே கண்ணாடியைப் பார்த்தபடி, மடிப்புக்குச் சற்று மேலே நிறத்தை வையுங்கள். மூடிய கண்ணில் பூசினால் திறந்ததும் மறைந்துவிடும். சுருக்கம் உள்ள இடத்தில் மினுக்கம் வேண்டாம். மினுக்கம் ஒவ்வொரு கோட்டையும் எடுத்துக் காட்டும். இறுகியபின் அதே நிறத் தூளைக் கொஞ்சம் மேலே ஒற்றினால் இரவுவரை நிற்கும். விழாப் படத்துக்கு ஓர் எச்சரிக்கை: சிலிக்கா மிகுந்த வெள்ளைத் தூளை மேலே போட்டால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, பிளாஷ் அடித்த படத்தில் முகம் வெள்ளையாக விழும். 1993 மறுபடியும் வரும்.

இனிச் சிரிப்பில்லாத பகுதி. கண் விஷயம்.

அன்று நாடகத்தில் நடித்த பதினொரு பேருக்கும் ஒரே மைக் குச்சியால் கண் எழுதினோம். அடுத்த கிழமை நான்கு பேர் கண் சிவந்து வீங்கி வகுப்புக்கு வரவில்லை. கண்நோய்க் காலம் என்று சொல்லித் தப்பிவிட்டோம். மைக் குச்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம். கண்ணுக்குப் பூசுவதைத் தாயும் மகளும்கூடப் பகிரக்கூடாது. கலியாண வீட்டில் ஒப்பனை செய்ய வருகிறவர் டப்பியில் தொட்ட விரலையோ தூரிகையையோ நேரே உங்கள் கண்ணுக்குக் கொண்டு வந்தால் வாய் திறந்து நிறுத்துங்கள். தட்டில் வேண்டியதைச் சுரண்டி எடுத்து, சுத்தமான தூரிகையால் பூசச் சொல்லுங்கள். கண்நோய் வந்தால் அப்போது பாவித்ததை எல்லாம் எறிந்துவிடுங்கள். காசு போனால் வரும்.

டப்பியின் அடியில் திறந்த மூடியின் சிறு படமும் அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது அது. திறந்த நாளைப் பேனையால் அடியில் எழுதுங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அழகுசாதனங்களை 85 பாகை பரனைற்றுக்கு, அதாவது ஏறக்குறைய 29 பாகை செல்சியசுக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. கெடாமல் காக்கும் பொருட்கள் அதற்கு மேல் வலுவிழக்கலாம். எங்கள் ஊரில் பல நாட்கள் அதைவிடச் சூடு. ஆகவே இங்கு வாழ்பவர்கள் எண்ணில் உள்ள மாதத்தை நம்பி இழுத்தடிக்காதீர்கள். ஜன்னலோரம், கார், குளியலறை மூன்றும் வேண்டாம். மணம் மாறினாலோ எண்ணெய் பிரிந்து மிதந்தாலோ எறியுங்கள். வெளிநாட்டிலிருந்து அன்போடு அனுப்பும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் பாதி பாவித்ததையும், திகதி முடிய இருப்பதையும் அனுப்பாதீர்கள். ஒன்று அனுப்பினாலும் புதியதாக அனுப்புங்கள்.

கண் வில்லை அணிகிறவர்கள் வில்லையைப் போட்டபின் பூச வேண்டும். கழற்றும்போது முதலில் வில்லை, பிறகுதான் ஒப்பனை. உதிரும் மினுக்கத் தூள் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். இமை விளிம்பின் உட்புறம் எழுதாதீர்கள்; கண்ணீர் விரைவில் காயாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது. வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்த மூத்த அக்காமார், மருத்துவர் சொல்லும்வரை கண்ணில் எதுவும் பூசாதீர்கள். கழற்றும்போது எண்ணெய் தோய்த்த பஞ்சை இமையில் இருபது வினாடி வைத்திருந்து, மெதுவாகத் துடையுங்கள். எண்ணெயைத் தாங்காத சாயம் என்று முன்பு சொன்னோமே, அது இங்கே உதவிக்கு வருகிறது. தேய்க்காதீர்கள். பூசியபடி தூங்காதீர்கள்.

பெயர்பெற்ற பொருளின் பெயரோடு கால் விலைக்கு நடைபாதையில் கிடைப்பதை வாங்காதீர்கள். சேர்மானப் பட்டியலும் தொகுதி எண்ணும் இல்லாததைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போகக்கூடாது. சுர்மா போன்ற சில மைகளில் ஈயம் சேர்ந்த கனியம் இருக்கிறது. அமெரிக்காவில் அவ்வகை மையைச் சாயமாகப் பாவிக்க அனுமதியே இல்லை. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேரப்பிள்ளைக்கு ஆசையாகக் கண்ணெழுதுமுன் எதில் செய்த மை என்று கேளுங்கள்.

பிறைமர் என்ற பெயரோடு "வெளுப்பாக்கும்" என்றும் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தோலை வெளுக்க வைக்கும் சில கிறீம்களில் இரசம் சேர்க்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எவையும் 2025க்குப் பின் செய்யவோ நாடு விட்டு நாடு கொண்டு போகவோ கூடாது என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் முடிவு செய்தன. சட்டம் அந்த அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பேச்சு இன்னும் "எண்டாலும்" என்ற இடத்திலேயே நிற்கிறது. அதை மாற்ற உடன்படிக்கை தேவையில்லை. பேத்திக்கு முன்னால் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டால் போதும்.

நேற்று மாலை விடுதி அறையில் எங்கள் தோழியைக் கதிரையில் இருத்தினோம். 1993இல் பூசிய அதே கைகள், இம்முறை கழுவிய கைகள். ஒருத்தி பிறைமர், ஒருத்தி செம்பு, ஒருத்தி விளிம்புக்கு மயில் நீலம். மற்றவர்கள் மின்விசிறியைப் பிடித்தபடி. அவள் ஒரு நிமிடம் கண்ணைத் தாழ்த்தி வைத்திருந்தாள். எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு கண்ணாடியைக் கொடுத்தோம். முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள்.

"இப்பதான் எல்லாம் ஒரே ஆளின்ர" என்றாள்.

அந்தப் பழைய படம் மலரில் வராது. மலர்க்குழுவிடம் சொல்லிவிட்டோம். நேற்றெடுத்த படம் வரும். இனிமேல் கல்லூரி நாடகத்துக்கு ஒப்பனை செய்யப் போகும் தங்கைமாருக்கு எங்கள் அணி ஒரு பெட்டி தருகிறது. கடும் மண்ணிறம்வரை ஐந்து வகைத் தோல் நிறங்கள், சுரண்டி எடுக்கும் தட்டு, ஒருமுறை பாவித்து எறியும் தூரிகைகள். முத்துவெள்ளை இல்லை. வாங்கிய திகதி மூடியில் எழுதியிருக்கிறது. பெட்டியின் உட்புறத்தில் ஒரு சிறு தாளும் ஒட்டியிருக்கிறோம்: "பூசுமுன் அவளிடம் கேள்."



1993 உயர்தர அணியினர்